அப்பாவிடம் யார் சொன்னது

ஜனவரி 12, ஞாயிறு

மழை. தொட்டிக்குத் தண்ணீர் வரும் நாள், அம்மா விடிந்ததிலிருந்து துணி துவைக்கிறாள். அரையாண்டு விடுமுறையில் செய்வதாக நான் பட்டியல் போட்ட ஒன்பது காரியங்களில் இரண்டுதான் முடிந்திருக்கின்றன.

பத்தரைக்கு மருத்துவக் குழு வந்தது. ஞாயிறும் புதனும் அவர்கள் முறை. டாக்டர் ஸுஹைர், நர்ஸ் முஹன்னத், இப்திசாம் அக்கா. மூவரில் முஹன்னத் மட்டும்தான் ஆண். அக்கா மருந்தைத் தொடமாட்டார். பேசுவதும் கேட்பதும்தான் அவர் வேலை. அம்மா அவரிடம் மட்டும் அழுகிறாள். மூவரும் அப்பாவைக் குணப்படுத்த வரவில்லை, வலியை அடக்க வருகிறார்கள். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று.

காரை நிறுத்தியதும் ஏறி வரமாட்டார்கள். பத்து நிமிடம் உள்ளேயே தலையோடு தலை சேர்த்துப் பேசுவார்கள். கீழ்வீட்டில் இருக்கும் துர்க்கி பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கார்ல உக்காந்து என்ன சதி பண்றாங்க என்று அம்மாவிடம் கேட்டார். நான் முஹன்னத்திடமே கேட்டுவிட்டேன். "சண்டையெல்லாம் கார்லயே போட்டு முடிச்சிருவோம் பாப்பா. நோயாளி முன்னாடி ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுத்தா அவர் யாரைத்தான் நம்புவாரு?"

பெரியப்பா முதல் நாளே டாக்டரிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த வியாதியின் பெயர் அப்பா காதில் விழக்கூடாது. முதுகெலும்பில் கிருமி என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறோம். "நானா சொல்லமாட்டேன்," என்றார் டாக்டர். "அவரே கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன்." அவன் கேக்கமாட்டான் என்றார் பெரியப்பா. தாத்தா இறந்தபின் அப்பாவை வளர்த்தவர் அவர்தான். கேட்காதே என்று அவர் சொன்னால் அப்பா கேட்கவும் மாட்டார்.

ஜனவரி 15, புதன்

ஒரு தப்பு செய்தேன். குழு எங்கள் வீட்டிலேயே ஒரு நோட்டு வைத்திருக்கிறது. யார் வந்தாலும் பார்த்ததை அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அடுத்து வருபவர் படிக்க. சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். எழுத்து என்று எது இருந்தாலும் படித்துவிடுகிற வியாதி எனக்கு.

பதினோராம் பக்கம்: "எலும்புகளுக்குப் பரவிய புற்று. எதிர்பார்ப்பு: வாரங்கள். மாதங்கள் அல்ல."

வாரங்கள்.

இரண்டு தட்டுகளை உடைத்தேன். கை வழுக்கிவிட்டதென்று அம்மாவிடம் சொன்னேன்.

ஜனவரி 17, வெள்ளி

வலி ஒரு மிருகம் என்று நான் எழுதினால் அது அலங்காரம். உண்மையில் அப்படி இல்லை. மிருகத்துக்குப் பசி அடங்கும். இன்று அம்மா தலையணையை நகர்த்தியபோது அப்பா அவளை அறைந்தார். இதுவரை யார்மீதும் கை ஓங்காதவர். இருபத்திரண்டு வருடம் அகபா சாலையில் லாரி ஓட்டியவரின் கை அது. அம்மாவின் உதடு கிழிந்தது. பிறகு அப்பா தன் தலையைச் சுவரில் மோதினார், நான்கு முறை. நான் எண்ணினேன். ஏன் எண்ணினேன்?

முஹன்னத்தைப் போனில் அழைத்தோம். விடுமுறை நாளில், மழையில், வந்தார். டாக்டர் போனிலேயே அளவு சொல்ல, இவர் நெஞ்சில் பெரிய பேட்ச் ஒட்டினார். அதிலிருந்து மருந்து மூன்று நாள் தோல் வழியாக இறங்கும். குளிருக்கு வைத்த கெரசின் அடுப்பைக் கட்டிலிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார், சூடு பட்டால் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடுமாம். மாலையில் அப்பா அம்மாவின் உதட்டைப் பார்த்து, "யாரு அடிச்சா?" என்றார். அம்மா கதவு என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

குழு வந்து போனது. புது பேட்ச் ஒட்டினார்கள். அடுத்தது புதன். அம்மா ரொட்டி வாங்கப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ரனீம், நீ புத்தகம் படிக்கிறவ. எங்கிட்ட வேற யாரும் உண்மை பேசமாட்டாங்க. எனக்கு என்ன?"

டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியுமே. ஆனால் அவர் டாக்டரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

சொன்னேன். பதினோராம் பக்கத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். வாரங்கள் என்பதையும்.

அவர் அழவில்லை. "சரி," என்றார். "அம்மாடி, ஜன்னலைத் திற." குளிர்காற்றில் ரொம்ப நேரம் முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக நெற்றி சுருங்காமல் தூங்கினார். நான் செய்தது சரியா? இன்று சரி என்றே படுகிறது.

ஜனவரி 20, திங்கள்

சரியில்லை.

அப்பா பெரியப்பாவை மேலே வரச்சொல்லி அவர் கையைப் பிடித்து, "நான் தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்குச் செஞ்ச எல்லாத்தையும் மன்னிச்சிருங்கண்ணே," என்றார். சாகப்போகிறவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கூடத்துக்கு வந்தார். தேநீர்த் தட்டைக் காலால் உதைத்தார். கண்ணாடித் தம்ளர் ஒன்று தெறித்து அம்மாவின் பாதத்தில் குத்தியது.

"அந்த மூணு பேர்ல ஒருத்தன் சொல்லிட்டான். சொல்லி, என் தம்பியை உசுரோட பொதைச்சுட்டான்."

நான் தரையிலிருந்து கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 22, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெரியப்பா டயர்க்கடைக்குப் போகாமல் மாடிப்படியின் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். குழு ஏறி வந்தது. முன்னால் முஹன்னத், தோளில் மருந்துப் பை. நான் எங்கள் வாசலில் நின்றிருந்தேன்.

"மூணு பேர்ல எவன் என் தம்பிகிட்டச் சொன்னது?"

டாக்டர் வாய் திறப்பதற்குள் முஹன்னத் பேசினார். "எதைச் சொல்லியிருந்தாலும் அது மூணு பேரும் சொன்னதுதாண்ணே. பிரிச்சுக் கேக்காதீங்க. உள்ள போயிப் பேசலாம், வாங்க."

பெரியப்பா தன் நெற்றியால் அவர் முகத்தில் இடித்தார். வாதுமைக்கொட்டை உடைகிற சத்தம். பிறகு சட்டையைப் பிடித்து இரும்புக் கைப்பிடியில் அவர் வாயை மோதினார். ஒரு முறை. இன்னொரு முறை. பிறகு தள்ளிவிட்டார். முஹன்னத் ஏழு படி உருண்டார், கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. டாக்டர் குறுக்கே வந்தார். அவரையும் சுவரோடு தள்ளினார், கண்ணாடி நொறுங்கியது. இப்திசாம் அக்கா பின்னாலிருந்து பெரியப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கியபடி கத்தினார்.

"உன் தம்பியோட மூத்திரத்துணிய மாத்துறவனைத்தான்டா நீ அடிச்சுட்டிருக்க."

அப்போதும் அவர் விடவில்லை. கீழே இறங்கி மிதித்தார்.

என் வாயில் மூன்று சொற்கள் இருந்தன. நான்தான் பெரியப்பா சொன்னேன். மூன்றும் அங்கேயே இருந்தன. நான் ஒரு கோழை. ஒரு கோழை நாய்.

அக்கம்பக்கத்தார் வந்து பிரித்தார்கள். டாக்டரும் அக்காவும் முஹன்னத்தைத் தாங்கிக் காரில் ஏற்றினார்கள். மருந்துப் பையும் அவர்களோடு போயிற்று. உள்ளிருந்து அப்பா என்ன சத்தம் என்று கேட்டார். காஸ் சிலிண்டர்காரன் கைதவறி உருட்டிட்டான் என்றாள் அம்மா. பிறகு நானும் அவளும் படிகளைக் கழுவினோம். நான்காவது படியில் இரண்டு பற்கள் கிடந்தன. காகிதக் கைக்குட்டையில் மடித்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா வாங்கிப் பால்கனித் தொட்டி மண்ணில் புதைத்தாள்.

பேட்ச் மாற்றவேண்டிய நாள் இன்று.

ஜனவரி 23, வியாழன்

பழைய பேட்ச் செத்துவிட்டது. அப்பா கத்துகிறார். மனிதக் குரல் மாதிரி இல்லை. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒவ்வொரு குழியிலும் தன்னைக் கொன்றுவிடச் சொன்னார். ஒரு ஊசி போட்டார்கள். பேட்ச் வேண்டுமென்றால் உங்கள் டாக்டரே சீட்டு எழுதவேண்டும் என்றார்கள். ஊசி நான்கு மணி நேரம் நின்றது.

டாக்டரின் போன் அணைந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். போலீஸ் வழக்கு முடிகிறவரை அந்த முகவரிக்கு யாரும் வரமாட்டார்கள் என்றாள். அந்த முகவரி. நாங்கள்.

ஜனவரி 24, வெள்ளி

தொழுகை முடிந்ததும் முஹன்னத்தின் குடும்பத்து ஆட்கள் வந்தார்கள். நாலு கார். இரும்புத் தடி, கோடரி. பெரியப்பாவின் லாரிக் கண்ணாடிகளை உடைத்தார்கள், கீழ்வீட்டுக் கதவைக் கோடரியால் கொத்தினார்கள். வானத்தை நோக்கி ஏழெட்டு முறை சுட்டார்கள். ஒரு குண்டு மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பட்டு எங்கள் ஜன்னல் வழியாகத் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. பெரியப்பா அதற்கு முன்பே மஃப்ரக் ஊரிலுள்ள உறவினர் வீட்டுக்கு ஓடிவிட்டார். அடித்தவன் ஊரைவிட்டு விலகிப் போகவேண்டும், அதுதான் முறை. பெரியவர்கள் கூடி மூன்று நாள் சமாதானக் கெடு வாங்கியிருக்கிறார்கள், அதுவரை யாரும் யாரையும் தொடக்கூடாது.

எல்லாரும் கெடுவைப் பற்றியே பேசுகிறார்கள். அப்பா தன் கையைக் கடித்துக்கொண்டிருக்கிறார். கடித்த இடத்தில் பல்வரிசை தெரிகிறது. பெரியப்பா செத்துப்போகட்டும் என்று வேண்டினேன். பிறகு எனக்காகவும் அதையே வேண்டினேன்.

ஜனவரி 25, சனி

நோட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். அம்மாவிடம் நூலகம் என்றேன்.

கதவு பாதி திறந்திருந்தது. மூவரும் உள்ளே இருந்தார்கள். முஹன்னத்தின் வலக்கை மாவுக்கட்டில். வாய் தைக்கப்பட்டு, கோவைப்பழம்போல் வீங்கியிருந்தது. பேசினால் எச்சில் ஒழுகியது.

"மூணு நாளா நான் கேக்கல," என்றார் அவர் அக்காவிடம். "இப்பக் கேக்கறேன். நீதான சொன்ன?"

"நானா? நீ சொன்னேன்னு நெனச்சுக்கிட்டு, உன்னைக் காப்பாத்தறதுக்குப் போலீஸ்ல வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்டா நான்."

"காப்பாத்துனியா? யாரு பல்லு விழுந்துச்சு?"

அக்கா மேசையிலிருந்த கோப்பையை எடுத்துச் சுவரில் அடித்தார். டாக்டர் இருவரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காருக்குள் முடித்துவிட்டு வருகிற சண்டை இப்படித்தான் இருக்கும்போல. ஆனால் இது முடிகிற சண்டையாகத் தெரியவில்லை.

கதவைத் தள்ளினேன். "நான் சொன்னேன். அப்பா கேட்டாரு. நான் சொல்லிட்டேன்."

டாக்டர் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தார். பிறகு முஹன்னத் எழுந்து வந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கேட்டது: "அன்னைக்கி வாசல்ல நின்னுட்டிருந்தியே. ஏன் சொல்லல?"

பயம் என்றேன். அவர் திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

வாரங்கள் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டார். நோட்டை விரித்துக் காட்டினேன், பதினோராம் பக்கம். எதிர்பார்ப்பு பற்றிய குறிப்பு அலுவலகக் கோப்பில்தான் இருக்க வேண்டுமாம், வீட்டு நோட்டில் எழுதவே கூடாதாம். அவர்களே போட்டுக்கொண்ட விதி. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"என் கையெழுத்து," என்றார் டாக்டர். "அன்னைக்கி நாலு வீடு. கோப்பு கார்ல இருந்துச்சு. நாளைக்கு மாத்தி எழுதிக்கலாம்னு இதுல எழுதினேன்." அவர் முஹன்னத்தைப் பார்த்துத்தான் சொன்னார், என்னை அல்ல. "உன் கை என் கணக்குல சேரணும்."

முஹன்னத் நோட்டை மூடிவிட்டு, "அவருக்குக் கடைசியா பேட்ச் ஒட்டுனது ஞாயித்துக்கிழமை," என்றார். அக்கா ஏற்கெனவே கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை, ஆனால் வேலை ஆரம்பித்துவிட்டது.

சமாதானம் ஆகும்முன் குழுவில் யார் எங்கள் வீட்டில் கால் வைத்தாலும் அது முஹன்னத்தின் குடும்பத்துக்கு அவமானம். அதனால் அக்கா அம்மாவை மருத்துவமனைக்கு வரவழைத்து மருந்து வாங்கிக்கொடுத்தார். ஒட்டியது நானும் அம்மாவும். போன் தலையணைமேல். அந்தப் பக்கம் முஹன்னத்.

"பழசை முதல்ல உரி. ஒட்டுற பக்கம் உள்ள வர்ற மாதிரி மடி. உன் விரல்ல படக்கூடாது. நெஞ்சு காய்ஞ்சிருக்கா? இப்ப வை. உள்ளங்கையால அழுத்து. நான் முப்பது எண்றேன்."

எண்ணினார். பதினெட்டில் அப்பா கேட்டார், "முஹன்னத், உன் குரல் ஏன்டா இப்படியிருக்கு?"

"பல் டாக்டர்கிட்டப் போயிருந்தேண்ணே. ரெண்டு பல்லை எடுத்துட்டாரு. பத்தொம்பது, இருபது."

பொய் சொல்லமாட்டேன் என்ற டாக்டரும் முஹன்னத்தோடு அந்தப் பக்கம்தான் இருந்தார். அவர் இருமியது கேட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

அப்பா பருப்புச் சூப் நான்கு கரண்டி குடித்தார். யாரும் கத்தவில்லை. இதற்குமேல் எழுத எதுவும் இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

கெடுவை நீட்டி வாங்கிய பெரியவர்களின் பொறுப்பில் பெரியப்பா ஒரு மணி நேரத்துக்கு வந்தார். அப்பாவைப் பார்க்க. அவர் கூடத்துக்குத் திரும்பி வந்ததும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லிவிட்டேன். இந்த முறை மூன்று சொற்களும் வெளியே வந்தன.

இடது காதில் விழுந்தது அறை. தரையில் கிடந்தபோது மணியடிக்கிற மாதிரி இருந்தது, காதுக்குள் சூடாக ஏதோ ஒழுகியது. அடுத்து காலைத் தூக்கினார். அது என்மேல் படவில்லை. அம்மா அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை எடுத்து அப்படியே அவர்மேல் வீசியிருந்தாள்.

"என் புருஷன் சாகறதைப் பத்திப் பேச ஆளில்லாம ரெண்டு மாசம் கெடந்தாரு. இவ ஒருத்திதான் பேசினா. இன்னொரு தடவை இவ மேல கை வச்சீங்க, அடுத்தது கத்திதான்."

பெரியப்பாவின் முன்கையிலும் மார்பிலும் கொப்புளம். வலியில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது, கெட்டிலைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் கேட்டார், என்னை அல்ல, தரையை. "அப்ப அந்தப் பையன் ஏன் தான் இல்லைன்னு சொல்லல?"

நான் பதில் சொன்னேன். நான் இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் மற்ற இரண்டு பேரில் ஒருவரை நீங்கள் அடித்திருப்பீர்கள். இருவரும் பெண்கள்.

ஜனவரி 30, வியாழன்

எங்கள் தரப்புப் பெரியவர்கள் நாற்பது பேர் முஹன்னத்தின் அப்பா வீட்டுக்குப் போனார்கள். பெண்கள் போகக்கூடாது. அங்கே நடந்ததாக என் ஒன்றுவிட்ட அண்ணன் அம்மாவிடம் சொன்னதை எழுதுகிறேன். காப்பி ஊற்றப்பட்டது. கேட்டுவந்தது கிடைக்கும்வரை விருந்தாளி அதைத் தொடமாட்டார். கோப்பை ஆறுகிறது. எங்கள் பக்கத்து மூத்தவர் தவறை ஒப்புக்கொண்டு பேசினார். பாதியில் பெரியப்பா எழுந்துவிட்டாராம், அது முறையே அல்ல. அடிபட்டவர் சொல்லவில்லை, செய்தி என் வீட்டுக்குள்ளிருந்துதான் போனது, ஆள் தெரியாமல் அடித்தேன் என்றாராம். என் பெயரைச் சொல்லவில்லை.

முஹன்னத்தின் சகோதரர்கள் பெரியப்பாவின் கையை உடைக்கவேண்டும் என்றார்கள், கைக்குக் கை. அவர்கள் அப்பா மகனைக் கேட்டார். முஹன்னத் ஒரே நிபந்தனை வைத்தார்.

"அவர் கையை உடைச்சா எனக்கு என்ன லாபம்? நோயாளியைப் புரட்ட ரெண்டு கை வேணும், எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. என் கட்டைப் பிரிக்கிற வரைக்கும் இவர் வந்து நிக்கட்டும். நான் சொன்னதைச் செய்யட்டும். வாயைத் திறக்கக் கூடாது."

காப்பி குடிக்கப்பட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பள்ளி திறந்தது. நான் போகவில்லை.

குழு வந்தது. போலீஸ் வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாம். படியில் ஏறும்போது முஹன்னத் அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் நின்றார். டாக்டர் அவருக்கு முன்னாலும் அக்கா பின்னாலும் இருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அப்பாவின் முதுகில் புண் வந்திருக்கிறது. பெரியப்பா கொப்புளக் கையோடு கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார்.

"இடுப்புக்கடியில கையைக் குடுங்க. இழுக்காதீங்க, மூட்டை இல்ல இது. மூணு சொன்னதும் உங்க பக்கமா உருட்டணும். டாக்டர் தலையைப் பாத்துக்குவாங்க. ஒண்ணு. ரெண்டு."

பெரியப்பா இரண்டிலேயே இழுத்துவிட்டார். அப்பா அலறினார். முஹன்னத்தின் முகம் வெளுத்தது. நல்ல கையை முஷ்டியாக மடக்கினார், நான் பார்த்தேன். அக்கா மெதுவாக, "முஹன்னத்," என்றார். அவ்வளவுதான். அவர் விரல்களைப் பிரித்தார்.

"மறுபடி. நீங்க எண்ணுங்க இப்ப. சத்தமா."

பெரியப்பா எண்ணினார். மூன்றில் நான்கு பேரின் கைகளும் ஒன்றாக அசைந்தன, அப்பா சத்தமில்லாமல் திரும்பினார். யாருக்கு உடம்பு சரியில்லை, அண்ணன் குரல் நடுங்குதே என்று அப்பா கேட்டார். வாயைத் திறக்கக்கூடாது என்பதால் பெரியப்பா பதில் சொல்லவில்லை.

என் இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெரியப்பா தினமும் மூன்று முறை வருகிறார். குழு வராத நாளிலும், அம்மாவோடு சேர்ந்து. இப்போது இரண்டில் இழுப்பதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அப்பா செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றுக்கு இறந்தார். மூவரும் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து நாட்கள் அவர் ஒருமுறைகூடக் கத்தவில்லை. கடைசியாக என்னிடம் பேசியது பள்ளிக்கு ஏன் போகவில்லை என்ற கேள்விதான்.

இன்று துக்கத்தின் மூன்றாம் நாள். ஆண்களுக்குத் தெருவில் கூடாரம் போட்டிருந்தார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கைகொடுக்க வருபவர்களை ஏற்க, முறைப்படி ரத்த உறவினர் மட்டும் வரிசையாக நிற்பார்கள். முதல் ஆள் பெரியப்பா. டாக்டரும் அக்காவும் மேலே அம்மாவிடம் வந்துவிட்டார்கள். முஹன்னத் மட்டும், மாவுக்கட்டோடு, கூடாரத்தின் கடைசி நாற்காலியை நோக்கிப் போனார். பெரியப்பா வரிசையை விட்டுப்போய் அவரிடம் ஏதோ சொன்னார். முஹன்னத் தலையசைத்து மறுத்தார். மறுபடி சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை, தழுவிக்கொள்ளவில்லை, வரிசைக்கு மட்டும் சேர்ந்து நடந்தார்கள்.

மஃப்ரக்கிலிருந்து வந்த கிழவர் ஒருவர் வரிசையின் முதலில் நின்ற மாவுக்கட்டுக்காரரின் தோளில் முத்தமிட்டுத் துக்கம் கேட்டார். பிறகு, இது யார், உன் தம்பி மிஃப்லிஹுக்கு மகன் இல்லையே என்று ஜன்னல்வரை கேட்கும்படி உரக்கப் பெரியப்பாவைக் கேட்டார்.

பெரியப்பா இரண்டாவது இடத்தில் நின்றபடி அடுத்தவருக்குக் கை நீட்டினார்.